உலக விதிகளைப் பற்றி ஊர் பேசுவது எப்படி?

நாடுகளுக்கிடையிலான ஒத்துழைப்பு, உலக அளவிலான ஆளுகை என்று பெரிய அரங்குகளில் நடக்கும் பேச்சுகளில் ஊர் மக்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது, அவர்களுக்கு அதில் ஆர்வம் இருக்குமா, சேர்த்துக்கொண்டால் எதுவும் மாறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மக்களிடம் விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும் என்ற வழக்கமான பதிலை நான் சொல்லப்போவதில்லை. விழிப்புணர்வு என்ற சொல்லிலேயே ஊர் தூங்கிக்கொண்டிருக்கிறது, எழுப்பப் போகிறவர் விழித்திருக்கிறார் என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. நான் ஓரளவு தொடர்ந்து கவனித்துவரும் துறை மீன்பிடி. நீங்கள் கேட்கும் முயற்சி அந்தத் துறையில் நாற்பது ஆண்டுகளாக நடந்துவருகிறது. ஒருமுறை நன்றாகவே பலித்திருக்கிறது, சிலமுறை கண்முன்னே தோற்றிருக்கிறது, இரண்டிலும் தமிழ்க் கடற்கரைக்குப் பங்குண்டு. ஆகவே அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில் ஆர்வம் பற்றிய ஐயம். ஆளுகை என்ற சொல் கரையில் புழங்குவதில்லை என்பது உண்மைதான். ஆனால் கட்டுப்பாடு என்ற சொல் புழங்குகிறது. ஊர்க் கட்டுப்பாடு என்றால் எந்த நாளில் கடலுக்குப் போகக் கூடாது, எந்த வலையை இந்தக் கரையில் அனுமதிப்பதில்லை, மீறினால் என்ன தண்டம் என்பது எல்லாருக்கும் தெரியும். பழவேற்காடு ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு. ஏரியில் மீனும் இறாலும் நன்றாகக் கிடைக்கும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். அந்த இடங்களில் யார், எந்த நாளில் வலை போடுவது என்பதை உரிமையுள்ள ஊர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம் வரும். ஒரே வளத்தைப் பலர் அழிக்காமல் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதுதான் ஐ.நா. மன்றங்களில் பேசப்படும் உலக ஆளுகையின் அடிப்படைக் கேள்வியும். அந்தக் கேள்விக்கு ஒரு விடையை நடத்திக்காட்டிவரும் மக்களிடம் போய், பொதுவளம் என்றால் என்ன என்று திரையில் படம் காட்டுவது எனக்கு எப்போதும் கொஞ்சம் கூச்சமாகவே இருந்திருக்கிறது.

இரண்டாவது, உலக விதிகள் ஊருக்கு வெகு தொலைவில் இருக்கின்றன என்ற நம்பிக்கை. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிக்கிறவர்கள். இந்தியாவின் பொருளாதார மண்டலம் கரையிலிருந்து 200 கடல் மைல்களில் முடிகிறது. இவர்களின் தூண்டில் பல நேரங்களில் அதற்கும் அப்பால் கிடக்கிறது. அங்கே சூரை மீனுக்கு விதி வகுப்பது சீஷெல்ஸில் தலைமையகம் கொண்டுள்ள இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம். இந்தியப் பெருங்கடலின் நடுவில் உள்ள தியாகோ கார்சியா தீவின் பக்கம் ஒதுங்கிப் பிரித்தானியக் கடற்காவலிடம் பிடிபட்ட படகுகளும் இங்கிருந்து போனவைதான். இவர்களுடைய அன்றாடத் தொழிலில் சென்னைக் கோட்டையில் எழுதிய விதியைவிடப் பன்னாட்டு மேசையில் எழுதிய விதியே அதிகம் குறுக்கிடுகிறது. ஆனால் அந்த மேசையில் ஒரு வரி மாறப்போகிறது என்றால், அதைப் பற்றி இவர்களிடம் முன்கூட்டியே பேசும் கடமை யாருக்கும் திட்டவட்டமாக இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு அரசமைப்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. இந்தியாவில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். கரையோரக் கடலுக்கு அப்பால் உள்ள மீன்பிடி ஒன்றியப் பட்டியலில் உள்ளது. பன்னாட்டு ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் முழுக்க ஒன்றிய அரசினுடையது. அரசமைப்பின் 253ஆம் பிரிவின்படி, அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்ற நாடாளுமன்றம் மாநிலப் பொருள்களின் மீதும் சட்டம் இயற்றலாம். மீனவர் நாள்தோறும் சந்திப்பது மாநில மீன்வளத் துறை ஆய்வாளரை. உலக வணிக அமைப்பில் அவர் சார்பாகப் பேசுவது ஒன்றிய வணிகத் துறை. இந்த இருவருக்கும் நடுவில் உள்ள படிகளில் கேள்வி மேலே ஏறுவதற்குள் களைத்துவிடுகிறது.

அந்த வணிகப் பேச்சையே எடுத்துக்கொள்வோம். மீன்பிடி மானியங்களைக் கட்டுப்படுத்தும் பேச்சு 2001இல் தோகாவில் தொடங்கியது. உலக அளவில் இந்த மானியங்கள் 2018இல் ஏறத்தாழ 3,540 கோடி டாலர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி, கடலில் உள்ள மீனைவிடப் படகுகளின் திறனை அதிகமாக்கும் வகையிலானது. இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுத்த பிறகு 2022 ஜூன் 17 அன்று ஜெனிவாவில் ஓர் ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. சட்டவிரோத மீன்பிடிக்கும், ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடித்துத் தேய்ந்துபோன மீனினங்களைப் பிடிப்பதற்கும், எந்த அமைப்பின் கட்டுப்பாட்டிலும் வராத ஆழ்கடல் பரப்பில் மீன்பிடிப்பதற்கும் அரசுகள் மானியம் தரக் கூடாது என்பது அதன் சாரம். மூன்றில் இரண்டு பங்கு உறுப்பு நாடுகள் ஏற்றதும் 2025 செப்டம்பர் 15 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அப்போது ஏற்றிருந்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. மிகைத் திறனை வளர்க்கும் மானியங்களைப் பற்றிய இரண்டாம் பகுதி, 2024 தொடக்கத்தில் அபுதாபியில் நடந்த அமைச்சர் மாநாட்டிலும் முடிவாகவில்லை. வளரும் நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் வேண்டும் என்பது அதில் இந்தியா வைத்த கோரிக்கை.

இதை இப்படியே ஒரு மீனவர் கூட்டத்தில் சொன்னால், முன்வரிசையில் இருப்பவர் மரியாதைக்காகத் தலையாட்டுவார், பின்வரிசையில் இருப்பவர் பீடி பற்றவைக்க வெளியே போவார். அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை. ஆனால் அதே ஒப்பந்தத்தின் வரைவில் ஒரு வரி இருந்தது. தடைசெய்யப்பட வேண்டிய மானியங்களின் பட்டியலில் படகுக்கு, இயந்திரத்துக்கு, எரிபொருளுக்கு, பனிக்கட்டிக்கு என்று வரிசையாகச் சொல்லிவந்து, தொழிலாளர்களுக்குத் தரும் வருமான உதவியையும் அதில் சேர்த்திருந்தார்கள். பிறகு, பருவகாலத் தடையின்போது பிழைப்புக்காகத் தரப்படும் உதவி நீங்கலாக என்று ஒரு விலக்கைப் பின்னால் ஒட்டினார்கள்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடை. 2017க்கு முன் அது 45 நாளாக இருந்தது. அந்த நாள்களுக்கு அரசு தரும் தொகைக்குத் தடைக்கால நிவாரணம் என்று பெயர். ஊரில் எவரும் அதை மானியம் என்று சொல்வதில்லை. மானியம் என்றால் அவர்களுக்கு வரி நீக்கிய டீசல், மண்ணெண்ணெய், வலை வாங்கத் தரும் உதவி. ஜெனிவாவிலோ, விலக்கு என்று ஒரு வரி எழுதப்பட்டிராவிட்டால் நிவாரணமும் மானியமே. இந்த ஒரு வரியைக் கையில் எடுத்துக்கொண்டு அதே கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். பிழைப்புக்காக என்றால் யாருக்கு, படகு முதலாளிக்கும் சேர்த்தா, கூலிக்குப் போகிறவருக்கு மட்டுமா, தடையில்லாத மாதங்களில் மீன் கிடைக்காதபோது தரும் பஞ்சகால உதவி இதில் வருமா, மீன் விற்கும் பெண்களுக்குத் தடைக்காலத்தில் என்ன என்று கேள்விகள் அடுக்கடுக்காக வரும். வரைவு எழுதும் சட்ட வல்லுநர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவையே. உலகத்தை ஊருக்கு விளக்கப் போகிறவர் செய்ய வேண்டிய வீட்டுப்பாடம் இவ்வளவுதான்: ஓர் ஒப்பந்த ஆவணத்தில் அந்த ஊரின் அடுப்பைத் தொடும் வரி எது என்று கண்டுபிடிப்பது. அது எளிய வேலையன்று. ஒப்பந்தத்தையும் தெரிந்திருக்க வேண்டும், ஊரையும் தெரிந்திருக்க வேண்டும்.

இனி, பலித்த கதை. 1984இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு ரோமில் மீன்வள மேலாண்மைக்கென ஓர் உலக மாநாட்டை நடத்தியது. அரசுகள் கூடும் அந்த மாநாட்டில் மீனவர்களுக்கு இடம் இல்லை என்பதால், அதே ஊரில், ஏறத்தாழ அதே நாள்களில், முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து மீன்தொழிலாளர்களும் அவர்களுடைய ஆதரவாளர்களும் தனியாக ஒரு மாநாட்டைக் கூட்டிக்கொண்டார்கள். அதன் தொடர்ச்சியாக 1986இல் திருவனந்தபுரத்தில் ஐசிஎஸ்எஃப் என்ற, மீன்தொழிலாளருக்கு ஆதரவான பன்னாட்டு அமைப்பு உருவானது. அது இன்று சென்னையிலிருந்து இயங்குகிறது. 1997இல் புதுதில்லியில் மீன்தொழிலாளர் சங்கங்களின் உலக மன்றம் ஒன்று அமைந்தது. சில ஆண்டுகளிலேயே அது இரண்டாகப் பிரிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊர்ச் சங்கமானாலும் உலகச் சங்கமானாலும் பிளவுகள் இல்லாமல் இல்லை.

2008இல் பாங்காக்கில் சிறு மீன்பிடி பற்றி உலக மாநாடு ஒன்று நடந்தபோது, இந்தச் சங்கங்கள் முன்கூட்டியே தங்களுக்குள் கூடிப் பேசி, ஓர் அறிக்கையுடன் மாநாட்டுக்குள் போயின. மீன்பிடி உரிமையை மனித உரிமையிலிருந்து பிரித்துப் பேச முடியாது என்பது அதன் மையக் கருத்து. சிறு மீனவர்களுக்கென்று தனியான பன்னாட்டு வழிகாட்டி நெறிகள் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது அதன் பிறகுதான். அடுத்த ஆறு ஆண்டுகளில் நடந்ததைத்தான் நான் இந்தப் பதிலின் நடுவில் வைக்க விரும்புகிறேன். வரைவு எழுதப்படுவதற்கு முன்னரே ஊர்களில் கேட்கத் தொடங்கினார்கள். 2010 ஜூலையில் மாமல்லபுரத்தில் பல நாடுகளிலிருந்து வந்த பெண்களும் அவர்களோடு வேலைசெய்பவர்களும் கூடி, மீனவப் பெண்களின் கோரிக்கைகள் எவை என்று பேசித் தொகுத்தார்கள். 2011இல் கொல்கத்தாவில் இந்திய அளவிலான பயிலரங்கு நடந்தது. இப்படிச் சங்கங்களே முன்னின்று நடத்திய தேசியக் கூட்டங்கள் மட்டும் இருபதுக்கு மேல். அவற்றோடு ஆறு வட்டாரக் கூட்டங்கள். 120-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 4,000-க்கும் அதிகமானோர் இந்தக் கலந்தாய்வில் பங்கெடுத்ததாக உணவு வேளாண் அமைப்பே பதிவுசெய்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் 2013 மே மாதமும் 2014 பிப்ரவரியிலும் அரசுகள் ரோமில் உட்கார்ந்து வரிவரியாகப் பேரம் பேசின. 2014 ஜூனில் மீன்வளக் குழு அந்த நெறிகளை ஏற்றது.

அதனால் என்ன மாறியது என்பதற்கு அந்த ஆவணத்தின் உள்ளடக்கமே விடை. அதிகாரிகளும் அறிவியலாளர்களும் மட்டும் எழுதியிருந்தால் மீன்வள இருப்பு, படகு எண்ணிக்கை, வலைக் கண்ணி என்றே போயிருக்கும். இதில் கரை நிலத்தின் மீதான உரிமை இருக்கிறது. கருவாடு போடுவதும் மீன் விற்பதும் மீன்பிடித் தொழிலின் பகுதியே என்பது இருக்கிறது. ஆண் பெண் சமத்துவத்துக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. பேரிடரும் பருவநிலை மாற்றமும் இருக்கின்றன. இன்னொரு நுட்பமான இடமும் உண்டு. சிறு மீன்பிடி என்றால் என்ன என்று ஓர் உலக வரையறை வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. இத்தனை அடி நீளம், இத்தனை குதிரைத் திறன் என்று எழுதியிருந்தால் ஒரு நாட்டின் சிறிய படகு இன்னொரு நாட்டில் பெரிய படகாகியிருக்கும். கட்டுமரத்தையும் நாட்டுப்படகையும் ஃபைபர் படகையும் ஒரே கரையில் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். கடைசியில் வரையறையை அந்தந்த நாட்டுக்கு விட்டு, மக்களோடு கலந்தே அதை முடிவுசெய்ய வேண்டும் என்று எழுதினார்கள்.

இந்த வேலையில் ஊரின் பேச்சை ரோமின் மொழிக்கும் ரோமின் வரைவை ஊரின் மொழிக்கும் மாற்றிக்கொண்டிருந்தவர்களில் முக்கியமானவர், ஐசிஎஸ்எஃப் அமைப்பின் செயலராகச் சென்னையில் இருந்த சந்திரிகா சர்மா. 2014 மார்ச் 8 அன்று, உணவு வேளாண் அமைப்பின் ஆசிய பசிபிக் மாநாட்டுக்காக மங்கோலியாவுக்குப் புறப்பட்டவர், காணாமல்போன எம்எச்370 விமானத்தில் இருந்தார். நெறிகள் ஏற்கப்பட்டபோது அவர் இல்லை. அந்த ஆவணம் அவருடைய நினைவுக்கே உரித்தாக்கப்பட்டிருக்கிறது. ஓர் ஐ.நா. ஆவணத்தின் முன்பக்கத்தில் அப்படியொரு பெயரைப் பார்ப்பது அரிது. ஊருக்கும் உலகத்துக்கும் நடுவில் பாலம் அமைப்பது பற்றி மாநாட்டுக்கு மாநாடு பேசுகிறார்கள்; நடைமுறையில் பாலம் என்பது பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஒரே வேலையில் நிற்கும் நான்கைந்து மனிதர்கள்தான் என்பது என் எண்ணம். மூன்றாண்டு திட்ட நிதியில் அப்படிப்பட்டவர்கள் உருவாவதில்லை.

குறையையும் சொல்கிறேன். இந்த நெறிகள் தன்னார்வ நெறிகள். எந்த அரசையும் இதை வைத்து நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. உலக மீன்பிடியில் ஏறத்தாழ 40 விழுக்காடும், அந்தத் தொழிலின் வேலைவாய்ப்பில் 90 விழுக்காடும் சிறு மீன்பிடியில்தான் இருக்கின்றன. அப்படிப்பட்ட துறைக்குக் கிடைத்தது தன்னார்வ நெறி. மானியத்துக்கு வந்ததோ கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். மக்களைக் கேட்டு எழுதியதற்குப் பல் இல்லை, பல் இருப்பதை மக்களைக் கேட்டு எழுதவில்லை. 2022இல் ஜெனிவாவில் அமைச்சர்கள் கூடியபோது, இந்தியக் கடலோர மாநிலங்களிலிருந்து சில மீனவர்கள் அங்கே போய் எதிர்ப்பைக் காட்டினார்கள். உரையின் பெரும்பகுதி எழுதி முடிந்த பிறகு வெளியே நின்று காட்டும் எதிர்ப்புக்கும், உரை பிறப்பதற்கு முன் மாமல்லபுரத்தில் உட்கார்ந்து பேசியதற்கும் உள்ள தூரம்தான் உங்கள் கேள்விக்கான விடையில் பாதி.

மறுபாதி பாக் நீரிணையில் இருக்கிறது. 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் அங்கே எல்லை வரைந்துகொண்டன. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. எல்லையின் இரு பக்கத்திலும் தொழில் செய்த மீனவர்களை யாரும் கேட்கவில்லை. இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் இதுவரை போலவே கச்சத்தீவுக்கு வந்துபோகலாம் என்று ஐந்தாம் பிரிவு சொன்னது. 1976இல் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் ஒரு நாட்டின் படகு மற்ற நாட்டின் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்றன. இதுவரை போலவே என்ற அந்தச் சொற்களில் மீன்பிடிப்பதும் அடங்குமா, வலை உலர்த்துவதும் இளைப்பாறுவதும் மட்டுமா என்று அரை நூற்றாண்டாக வழக்காடிக்கொண்டிருக்கிறோம். அன்று இராமேசுவரத்திலிருந்தும் இலங்கையின் மன்னாரிலுள்ள பேசாலையிலிருந்தும் இருவரை அழைத்து அந்த வரியைப் படித்துக்காட்டியிருந்தால், அங்கே போய் என்ன செய்யலாம் என்று முதல் நிமிடத்திலேயே கேட்டிருப்பார்கள்.

பின்னாளில் மீனவர்களே பேசத் தொடங்கினார்கள். 2004 மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து ஒரு நல்லெண்ணக் குழு இலங்கைக்குப் போனது. உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டு, 2010 ஆகஸ்டில், இலங்கை மீனவர் குழு ஒன்று தமிழ்நாட்டுக்கு வந்து ஊர்களைப் பார்த்தது. கடலடியை வாரிச் செல்லும் வலையான இழுவைமடியைப் படிப்படியாக ஓராண்டுக்குள் நிறுத்துவது என்ற அளவுக்கு இணக்கம் ஏற்பட்டது. போர்க்காலம் முழுவதும் கடலுக்குப் போகத் தடைபட்டிருந்த வட மாகாணத்து மீனவர்கள், திரும்பி வந்தபோது தங்கள் வலைகளை இழுவைமடி அறுத்துப்போவதைக் கண்ட கசப்பில் இருந்தவர்கள். அவர்களே காலக்கெடு தர முன்வந்தார்கள். அந்த இணக்கத்தை இரு அரசுகளும் ஏற்றுக் கையெழுத்திடவில்லை. இதை நான் பெரிய இழப்பாகக் கருதுகிறேன். பிறகு அரசுகளின் ஏற்பாட்டிலேயே 2014 ஜனவரியில் சென்னையிலும், மே மாதம் கொழும்பிலும், 2015 மார்ச்சில் மீண்டும் சென்னையிலும், 2016 நவம்பரில் புதுதில்லியிலும் பேச்சு நடந்தது. சென்னையில் தமிழ்நாட்டுத் தரப்பு மூன்றாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 83 நாள்கள் இலங்கைக் கடலில் மீன்பிடிக்க அனுமதி கேட்டது. எதிர்த் தரப்பு இணங்கவில்லை. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டே தடைசெய்தது.

இந்தப் பேச்சுகள் ஏன் கரையேறவில்லை என்று கேட்டால், பெரும்பாலோர் அரசியலைச் சொல்வார்கள்; சரிதான். ஆனால் மேசையில் யார் உட்கார்ந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுத் தரப்பில் விசைப்படகு உரிமையாளர் சங்கங்களின் குரல்தான் உரக்கக் கேட்டது. விசைப்படகோடு மோதி நெடுங்காலமாகத் தவிக்கும் நாட்டுப்படகு மீனவர்கள் இராமநாதபுரத்திலேயே இருக்கிறார்கள். அந்த மோதலைத் தணிக்கத்தான் அங்கே வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற முறை வந்தது. இழுவைமடி பற்றி அவர்கள் சொல்வது யாழ்ப்பாணத்து மீனவர் சொல்வதற்கு அருகில் இருக்கும். விசைப்படகில் பங்குக்கு வேலைசெய்பவரின் கணக்கும் முதலாளியின் கணக்கும் ஒன்றல்ல. பெண்களோ இந்த மேசைகளில் அநேகமாக இல்லை. உள்ளூர்ச் சமூகம் என்று ஒருமையில் எழுதும்போது இந்த வேறுபாடுகள் எல்லாம் மறைந்துவிடுகின்றன. பிறகு யார் முதலில் கை தூக்குகிறாரோ அவரே சமூகமாகிவிடுகிறார்.

ஊர்ப் பஞ்சாயத்து என்ற அமைப்பைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கோரமண்டல் கரையில் அது இன்றும் வலுவானது. ஆயிரம் பேரை ஒரு முடிவுக்குக் கட்டுப்படுத்தும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆகவே அதைத் தாண்டிப் போய் ஊரில் கூட்டம் போடுவது மரியாதையும் ஆகாது, பயனும் தராது. ஆனால் அது ஆண்களின் அவை. உலக அளவில் சிறு மீன்பிடித் தொழிலில் இருப்பவர்களில் பத்துக்கு நான்கு பேர் பெண்கள். பஞ்சாயத்தாரிடம் அனுமதி பெற்று, அவர்களோடு பேசிவிட்டு, பெண்களோடு தனியாக இன்னொரு நாள் உட்காருவதே நடைமுறை. ஒரே கூட்டத்தில் இருவரையும் உட்கார வைத்தால் நிழற்படம் நன்றாக வரும், பெண்களின் பேச்சு வராது.

ஊர்களைத் தனித்தனியாகத் தேடிப் போகாமல் உலக மக்கள் எல்லாரையும் ஒரே வீச்சில் கேட்டுவிடும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. 2020இல் ஐ.நா. தன் 75ஆம் ஆண்டையொட்டி நடத்திய உரையாடலிலும் கருத்துக்கணிப்பிலும் 15 லட்சம் பேர் பங்கெடுத்தார்கள். 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டையொட்டி, குலுக்கல் முறையில் தேர்ந்த 100 பேரைக் கொண்டு உலக மக்கள் அவை ஒன்று கூடியது. குலுக்கல் என்பதை நான் மதிக்கிறேன். உரக்கப் பேசுகிறவர் மட்டுமே வருவதை அது தடுக்கிறது, பாடு முறையின் நியாயமும் அதில் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் இவ்விரண்டிலும் பங்கெடுத்தவருக்கு, நீ சொன்னதில் இது ஏற்கப்பட்டது, இது ஏற்கப்படவில்லை என்று பதில் சொல்லும் கடமை எந்த அரசுக்கும் இல்லை. வடதுருவப் பகுதி நாடுகளின் அமைப்பான ஆர்க்டிக் மன்றம் வேறு விதம். 1996இல் தொடங்கியபோதே பழங்குடி மக்களின் அமைப்புகளுக்கு அதில் நிலையான இருக்கை தரப்பட்டது. இன்று அப்படி ஆறு அமைப்புகள் இருக்கின்றன. வாக்கு எட்டு நாடுகளுக்கு மட்டுமே. ஆனாலும் அவர்களைக் கலக்காமல் மன்றம் முடிவெடுக்க முடியாது. என்னைக் கேட்டால், பதினைந்து லட்சம் பேரின் கருத்துக்கணிப்பைவிட ஆறு இருக்கைகள் மேல்.

நீங்கள் ஓர் ஊரில் இதைத் தொடங்க நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு, கையில் எடுத்துச் செய்யக்கூடியவற்றையும் சொல்கிறேன். காலை 11 மணிக்குக் கூட்டம் வைக்காதீர்கள்; அது அலுவலகத்துக்கு வசதியான நேரம். விடியலில் வந்த மீனை ஏலத்தில் எடுத்த பெண்கள் அந்த நேரத்தில் கூடையோடு சந்தையில் இருப்பார்கள், இரவெல்லாம் விழித்தவர்கள் உறங்கிக்கொண்டிருப்பார்கள். பிற்பகலில் வலை பின்னும் இடத்தில் நிழல் இருக்கும், ஆள் இருக்கும், கை வேலையில் இருப்பதால் பேச்சும் தடையில்லாமல் வரும். நாற்காலி தேவையில்லை, மேடை அறவே தேவையில்லை. வரைவின் முழு மொழிபெயர்ப்பைக் கொடுத்துவிட்டுக் கருத்துக் கேட்பதும் பயனற்றது. சிறு மீன்பிடி நெறிகளுக்கு ஐசிஎஸ்எஃப் தமிழாக்கம் கொண்டுவந்தது, அது நல்ல வேலை. ஆனால் அதைப் பத்தி பத்தியாகப் படித்துக்காட்டி, இங்கே இது எப்படி என்று கேட்டால்தான் அந்தத் தாள் பேசத் தொடங்கும்.

மொழியைப் பற்றி அரசுகள் காட்டும் தயக்கத்தை நாம் பார்த்திருக்கிறோம். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவை எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் வெளியிட வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது. அதை எதிர்த்து ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. உள்நாட்டு வரைவுக்கே நிலைமை இது. ஆகவே பன்னாட்டு வரைவின் தமிழ்ச் சுருக்கம் தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம். நான்கு பக்கத்தில், வழக்குத் தமிழில், அந்த ஊரைத் தொடும் வரிகளை மட்டும் எடுத்துச் சங்கங்களே எழுதிக்கொள்ளலாம்.

கிராம சபையையும் பயன்படுத்தலாம். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. ஜெனிவாவைப் பற்றிக் கிராம சபையில் தீர்மானமா என்று சிரிப்பவர்கள் உண்டு. கிராம சபைத் தீர்மானம் பன்னாட்டுப் பேச்சை நிறுத்தாது என்பதும் உண்மை. ஆனால் தடைக்கால நிவாரணம் எந்த ஒப்பந்தத்திலும் தடைசெய்யப்படக் கூடாது, கூலி மீனவருக்கும் மீன் விற்கும் பெண்ணுக்கும் அது பொருந்த வேண்டும் என்று நூறு கடலோர ஊர்கள் ஒரே சொற்களில் தீர்மானம் போட்டால், மாநில மீன்வளத் துறை அதை ஒன்றிய அரசுக்கு அனுப்புவதற்கு ஒரு தாள் கிடைக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர் கேள்வி கேட்பதற்கு ஒரு பிடி கிடைக்கிறது. பேச்சுக்குப் போகும் அதிகாரியும், என் நாட்டு மக்கள் இதைக் கேட்கிறார்கள் என்று மேசையில் காட்டலாம். தங்கள் தரப்பு வலுப்பெறுவதை எந்தப் பேரப் பேச்சாளரும் விரும்பாமல் இருக்கமாட்டார்.

பெரும்பாலான முயற்சிகள் கைவிடப்படும் இடம் அதற்குப் பிறகு வருகிறது. கருத்துக் கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வருவதில்லை. அடுத்தமுறை வேறொருவர் வேறொரு படிவத்தோடு வரும்போது, ஊர் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுகிறது. அதை ஆர்வமின்மை என்று அறிக்கையில் எழுதுகிறார்கள். ஆகவே முதல் கூட்டத்தின் செலவைக் கணக்கிடும்போதே இரண்டாம் கூட்டத்தின் செலவையும் ஒதுக்கி வையுங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் முதல் கூட்டத்தைக் கூட்டாமலே இருந்துவிடலாம். திரும்பிப் போகும்போது, ஏலக் கூடத்தில் அதே ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்து, அன்று அவர்கள் சொன்னவற்றை ஒவ்வொன்றாகப் படியுங்கள். கூலி மீனவருக்கும் பொருந்த வேண்டும் என்று சொன்னீர்கள், அது வரைவில் வந்திருக்கிறது, இதோ வரி. பெண்களுக்கும் வேண்டும் என்று சொன்னீர்கள், அது வரவில்லை, இன்ன காரணம் சொன்னார்கள். அந்தக் காரணம் சரியில்லை என்று ஏதாவது ஒரு பெண் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சொல்லத் தொடங்குவார். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த சுற்றுப் பேச்சுக்கு எடுத்துப்போக வேண்டியது அதுதான்.